மீன் எங்கே இருக்கிறது?

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் ஒரு பயிற்றுநர் வேலை காலியாக இருந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வு நாளன்று சின்னவள் மட்டும் போனாள். பெரியவள் வரவில்லை. வேலை சின்னவளுக்கு வந்தது.

அதிலிருந்து பெரியவள் தங்கைக்குச் சொல்ல வேண்டியதைக் கணவனிடம் சொன்னாள். அவர் வந்து சொன்னார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு கண்ணாடிச் சில்லுக்கும் நடுவில் மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது தன் தொழில்தானே என்பார்.

தங்கை முந்திக்கொண்டதில் அக்காவுக்கு மனத்தாங்கல். சொந்தத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள்.

இந்த வாரப் பயிற்சிக்குப் பெரியவளின் பள்ளி பெரியவளையே அனுப்பியது.

அவள் வந்தாள். கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தங்கையை மற்றவர்களைப் போலவே “மேடம்” என்றாள். அந்த மேடத்தில் ஒரு முள் இருந்ததா இல்லையா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை.

படித்ததைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி என்பதுதான் பயிற்சி. சின்னவள் சொற்பொழிவு வைத்துக்கொள்வதில்லை. முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். ஏதோ ஆலையில் நீராவிக் குழாயைப் பிரித்து மாட்டும் முறை. எல்லாரும் தங்குதடையில்லாமல் படித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கணக்கு வாத்தியார் தாளை மேசையில் போட்டார். இதை எழுதியவன் கையில் கிடைத்தால் உரித்துத் தொங்கவிடுவேன் என்றார்.

“உங்க வகுப்புல கடைசி பெஞ்சுக்குத் தினமும் இதே கோபம்தான் சார்” என்றாள் சின்னவள்.

கணக்கு வாத்தியார் தாளை மறுபடி கையில் எடுத்தார். பிறகு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பழக்கினாள். ஒரு பத்தி படித்ததும் நிறுத்து. சொந்த வார்த்தையில் சொல்லிப் பார். கண்ணை மூடி, படித்தது படமாகத் தெரிகிறதா பார். தெரியாவிட்டால் வெட்கப்படாதே, திரும்பிப் போய்ப் படி. மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல். இதையெல்லாம் அவர்கள் செய்துகாட்டக் கூடாது. உண்மையாகவே செய்ய வேண்டும்.

ஒரு விதி இருந்தது. படிப்பவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முட்டி மோதட்டும். வகுப்பில் பிள்ளை யோசிக்கத் தொடங்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவது ஆசிரியர்களுக்குக் கைவந்த வியாதி. அதற்கு வைத்தியம் அந்த விதி.

இன்று காலை வேஷம் கட்டும் சுற்று. ஆளுக்கொரு பிள்ளையாக நடிக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பிள்ளைக்கு எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் வரிக்கு ஒரு முறை விரலைக் காட்டி வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளையாக நடித்தார். சிரித்துச் சிரித்துப் பலருக்கு வயிறு வலித்தது. பெரியவள்கூடச் சிரித்தாள். தங்கை அதைப் பார்த்தாள்.

தேநீர் இடைவேளை முடிந்து வந்ததும், வேஷம் கலைந்தது என்று சின்னவள் அறிவித்தாள். இனி அவரவர் அவரவராகவே படிக்க வேண்டும். புதிய பாடம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதியது. குளிர்காலத்தில் ஏரி உறைகிறது. பனிக்கட்டி தண்ணீரைவிடக் கனம் குறைந்தது, மேலே மிதக்கிறது. அது போர்வை போல மூடிக்கொள்வதால் அடியில் இருக்கும் தண்ணீர் உறையாது. மீன்கள் அடியில் பிழைத்துக் கிடக்கின்றன. வசந்தம் வந்ததும் பனி உருகுகிறது. அவ்வளவுதான்.

“முதல்ல யாரு?”

“ரேடியோ டீச்சர் படிக்கட்டும்” என்றார் கணக்கு வாத்தியார்.

பெரியவளுக்கு அந்தப் பெயர் பழையது. அவள் குரல் அப்படி. வரவுசெலவுக் கணக்கை அவள் வாசித்தாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பார்கள்.

அவள் தொண்டையில் ஏதோ கட்டிக்கொண்டது என்று சைகை காட்டினாள். யாரும் விடவில்லை. எழுந்தாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். படித்தாள்.

ஒரு எழுத்து பிசகவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஏரி உறையும் இடத்தில் குரல் இறங்கியது. வசந்தம் வரும் இடத்தில் ஏறியது. 

“நல்லா படிச்சீங்க” என்றாள் சின்னவள். “இப்ப உங்க வார்த்தையில சொல்லுங்க.”

பெரியவள் தாளைப் பார்த்தாள்.

“நல்ல பாடம்” என்றாள். “பிள்ளைங்களுக்குத் தேவையானது.”

“எதைப் பத்தி?”

“குளிர் பத்தி.”

“சரி. குளிர்ல என்ன நடக்குது?”

“அதான் படிச்சேனே.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவள் அடுத்த கேள்வியை எளிதாக்கினாள். எளிதாக்கியது தவறு என்று பின்னால் தோன்றியது.

“மீன் எங்கே இருக்கு?”

பெரியவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். அவள் கட்டைவிரல் ஒரு வரியின் கீழ் நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது.

“மீன் தாள்ல இருக்கு” என்றாள்.

அறை சிரிப்பில் வெடித்தது.

“டீச்சர் இன்னும் வேஷத்தைக் கலைக்கலை மேடம்” என்று கணக்கு வாத்தியார் மேசையைத் தட்டினார். தன் வகுப்பில் இதே மாதிரி ஒரு பயல் இருப்பதாகச் சொன்னார். அச்சு அசல் இதே முழி. ஒருவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

பெரியவள் ஒரு கணம் சுற்றிலும் பார்த்தாள். ஆற்றோடு அடித்துப் போகிறவளுக்குக் கிளை ஒன்று தட்டுப்பட்டது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு சிரித்தாள். ஒரு பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். கைதட்டல் இன்னும் பலத்தது.

சின்னவள் கைதட்டவில்லை. வேஷம் கலைந்தது என்று சொன்னவள் அவள்தான். அந்தக் கட்டைவிரல் நடிக்கவில்லை. அவள் வாய் திறந்து, மீன் அடியில் இருக்கு அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது அவளே சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி.

வாசலில் இன்னொரு ஜோடி கை தட்டிக்கொண்டிருந்தது. கல்வி அதிகாரி.

அதிகாரி எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நல்ல பெண்மணி. நல்லது கண்ணில் பட்டால் விடமாட்டார். அன்று பட்டது. நேராகப் பெரியவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். சரளமாகப் படிக்கும், ஒன்றும் புரியாது; இந்தப் பிள்ளைதான் எல்லாரையும் ஏமாற்றும் பிள்ளை, இதை இவ்வளவு தத்ரூபமாக யாரும் காட்டியதில்லை என்றார். நாளைக்குக் கேமராவோடு ஆட்கள் வருவார்கள். இதே நடிப்பை அப்படியே செய்ய வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த வீடியோ போகும்.

“அதுக்கு அப்புறம் இரண்டாவது பகுதி” என்றார். “அதே டீச்சர், நல்ல வாசகரா. படிச்சு, நிறுத்தி, யோசிச்சுக் காட்டணும். முன்னாடி அந்தப் பிள்ளை, பின்னாடி இவங்க. பார்க்கிறவங்களுக்கு ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்.”

பெரியவள் சரி என்றாள்.

ஏன் சரி என்றாள் என்று சின்னவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

மதியம் சின்னவள் அதிகாரியின் அறைக்குப் போனாள். அக்காவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, வேறு யாரையாவது வைத்து எடுக்கலாம் என்று ஆரம்பித்தாள். என்ன உடம்பு என்று அதிகாரி கேட்டார்.  தனக்கே தெரியாத ஒன்றை, அக்காவின் வேலையையே தின்றுவிடக்கூடிய ஒன்றை, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? தொண்டை என்றாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே போஸ்டுக்கு அப்ளை பண்ணது எனக்குத் தெரியும்மா. உங்களுக்குக் கிடைச்சிடுச்சு. இன்னிக்கு அவங்களுக்குக் கொஞ்சம் கைதட்டு கிடைச்சிருக்கு. விட்டுடுங்களேன்.”

சின்னவளால் மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தாழ்வாரத்தில் அக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள். அக்கா துண்டால் முகத்தை ஒற்றி, காலையில் எல்லாம் நன்றாகப் போனது மேடம் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சின்னவளுக்குப் பிற்பகல் வகுப்பு நகரவே இல்லை. புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படியுங்கள் என்று தாளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மனம் ஓராண்டு பின்னால் போயிருந்தது. எழுத்துத் தேர்வுக்கு அக்கா வராதது. செய்தி அனுப்பினால் பதில் இல்லாதது. குரல்பதிவாக அனுப்பச் சொல்லு, தட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை என்று அத்தான் மூலம் சொன்னது. அத்தனையையும் பொறாமை என்ற ஒரே சொல்லில் படித்து முடித்து மூடி வைத்திருந்தாள்.

மாலையில் அத்தானின் கடைக்குப் போனாள்.

அவர் ஒரு சிறிய திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமல், தூதுவனுக்கு இன்று என்ன ஓலை என்று கேட்டார். அக்காவின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

திருப்புளி நின்றது.

“ஏன் கேக்குற?”

“சும்மாதான் அத்தான்.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். மூன்று கண்ணாடிகள் இருந்தன. மூன்றும் அக்காவுடையவை. இப்போது போட்டிருப்பது நான்காவது. படிக்கும்போது ஏதோ மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஒன்று செய்து கொடுத்தாராம். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காட்டினார்.

“கடைசி வரி வரைக்கும் படிக்கிறா சின்னவளே. இந்தத் தெருவுலயே அவளுக்குத்தான் பார்வை சுத்தம். இதுல பவரே கிடையாது, வெறும் கண்ணாடி. தெரிஞ்சேதான் செஞ்சு குடுத்தேன்.”

“அப்புறம் ஏன் செஞ்சீங்க?”

“எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதானே.”

மருத்துவரிடம் கூப்பிட்டாராம். ஒரு முறை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். தலைக்குள் படம் எடுக்கச் சொல்வார்கள், எடுத்தால் ஏதாவது இருக்கும், இருந்தால் பள்ளிக்குத் தெரியும் என்றாளாம். அவர் மறுபடி திருகாணியை எடுத்தார். அது கை நழுவிக் கீழே உருண்டது. இருவரும் குனிந்து தேடினார்கள். கிடைக்கவில்லை.

வீடு கடைக்கு மேலேயே. சின்னவள் ஓராண்டு கழித்து அந்தப் படிகளில் ஏறினாள்.

பெரியவள் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்தாள். மேடம் என்று சொல்லவில்லை.

“வந்துட்டியா. உக்காரு.”

சின்னவள் உட்கார்ந்தாள்.  ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பயிற்சியில் எத்தனை கேள்வி கேட்கிறாள். இங்கே ஒன்றும் வரவில்லை.

பெரியவளே தொடங்கினாள்.

“மீன் எங்கே இருக்குன்னு கேட்டியே. ரொம்ப சுலபமான கேள்வியா அது?”

“ஆமாக்கா.”

“அப்படித்தான் நினைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

எப்போதிலிருந்து என்று சின்னவள் கேட்டாள்.

“தெரியலடி. ஒரு நாள் வகுப்புல பாடம் படிச்சு முடிச்சேன். ஒரு பொண்ணு சந்தேகம் கேட்டா. என்னன்னு பாக்கத் திரும்பிப் படிச்சேன். ஒண்ணுமே இல்லை. சத்தம் மட்டும் இருந்துச்சு.”

“நீங்களே சத்தமா படிக்கிறீங்களே. அது காதுல விழாதா?”

“விழுது. என் குரல் எனக்கு வந்து சேர மாட்டேங்குது. வேற யாராவது படிச்சா நல்லாப் புரியுது.”

அதனால் வகுப்பில் பிள்ளைகளைப் படிக்க வைத்தாளாம். கேட்டுக்கொண்டே நடத்தினாளாம். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, எவ்வளவு அழகாகப் பிள்ளைகளைப் பேச விடுகிறீர்கள் என்று மெச்சினாராம். புது முறை என்று நினைத்துவிட்டார் என்று பெரியவள் சிரித்தாள். அதனால்தான் இந்தப் பயிற்சிக்கே அனுப்பினார்கள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது இருவர் முகமும் நனைந்திருந்தது.

“பரீட்சைக்கு வராததுக்கு என்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பே.”

“நீங்க என்மேல பொறாமைன்னு நினைச்சேன்.”

“அதுவும் கொஞ்சம் இருந்துச்சு” என்றாள் பெரியவள்.

அவள் தன் கைப்பையிலிருந்து காலையில் கொடுத்த தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். நீ படி, நான் கேட்கிறேன் என்றாள்.

சின்னவள் படித்தாள். அக்காவின் குரல் அவளுக்கு இல்லை. ஒரே சுருதியில் படித்தாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். பயிற்சியில் யாரும் இத்தனை நன்றாகச் சொன்னதில்லை. மேலே பனி மூடிவிட்டால் அடியில் இருக்கும் தண்ணீர் தப்பித்துக்கொள்ளும், மீனும் தப்பித்துக்கொள்ளும், ஆனால் மேலிருந்து பார்ப்பவனுக்கு ஏரியே செத்த மாதிரித்தான் தெரியும் என்றாள். கடைசியில் சொன்னது தாளில் இல்லை. அது அவளாகவே யோசித்தது.

“நாளைக்கு முதல் பகுதிக்கு எனக்குக் கவலையே இல்லை” என்றாள். “அந்த வேஷம் எனக்கு நல்லா வரும்.”

“இரண்டாவது பகுதி?”

“அதுக்கும் இதே பாடத்தைக் குடுத்துடு. மனப்பாடம் பண்ணிடுறேன். எங்க நிறுத்தணும், எங்க யோசிக்கணும், எல்லாம் சொல்லிடு. நீதானே மேடம்.”

இந்த மேடத்தில் முள் இல்லை.

சின்னவள் மருத்துவர் என்று சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் கையை உயர்த்தித் தடுத்தாள். நாளை ஒரு நாள் போகட்டும். அப்புறம் நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றாள். அத்தானுக்குச் சொல்லாத வார்த்தை அது. சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பாடத்தை எடுத்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். இங்கே நிறுத்துங்க. இங்கே, அட, பனி ஏன் முழுகாம மிதக்குதுன்னு கேளுங்க. இங்கே நெத்தியைச் சுருக்குங்க. பயிற்சியில் எதையெல்லாம் செய்யவே கூடாது என்று சொல்வாளோ, அதையெல்லாம் செய்தாள். சின்னவள் ஒன்று சொன்னால் பெரியவள் நூறாகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே அத்தான் கடைக்கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

பெரியவளின் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தையும் படித்தாள் என்பது தெரிந்தது. பிறகு தங்கையிடம் நீட்டினாள்.

“அதிகாரிதானே? என்ன போட்டிருக்காங்க?”

சின்னவள் படித்தாள். “டீச்சர், இன்று மிக அருமை. நாளை இரண்டாம் பகுதிக்கான பாடத்தை நானே கொண்டுவருகிறேன். கேமரா முன்னால் முதன்முதலாகப் பார்த்துப் படிப்பதாக இருக்கட்டும். அப்போதுதான் உண்மையாக இருக்கும். தங்கையிடமும் சொல்லிவிடுங்கள்.”

மறுபடி படித்தாள். மனப்பாடம் உதவாது என்பது அவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. ஆனாலும் படித்தாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வருவதற்கு முன்பே பாதி சிரிப்போடு இருந்தாள். காலையில் கைதட்டல் கேட்டபோது இருந்த அதே சிரிப்பு.

“இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சாம்” என்றாள் சின்னவள். “நேரத்துக்கு வந்துடச் சொல்லியிருக்காங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பெரியவள் தலையாட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். குளிர்காலத்தில் ஏரி உறைகிறது. குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. மிதக்கும் இடத்தில் நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, அட, பனி ஏன் முழுகாமல் மிதக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

படியேறி வந்த அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். அது மனப்பாடம் என்று அவருக்குத் தெரியாது. எத்தனை நாள் கழித்து இந்தக் குரல் என்று அவர் கண் கலங்கியது. சின்னவளைப் பார்த்து, பிழைத்தோம் என்பது போலத் தலையசைத்தார்.

சின்னவளும் தலையசைத்தாள். தொலைபேசி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.